ஆகாரத்தைத் தொடும் ரப்பர்

பாத்திரமோ இயந்திரமோ வாங்குகிறவர்கள் எஃகின் தரத்தை ஆயிரம் முறை விசாரிக்கிறார்கள். மூடியில் கிடக்கும் ரப்பர் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிரஷர் குக்கரிலும், மிக்ஸி ஜாரிலும், பால் பண்ணைக் குழாய்களிலும் தினந்தோறும் ஆகாரத்தைத் தொடுவது அவ்வளையமே. இதை அற்ப விஷயமென்று தள்ளுவது பெருந்தவறு என்பது நமது அபிப்பிராயம்.

ரப்பர் பாலை அப்படியே வளையமாக்க இயலாது. கந்தகத்தோடு சூடேற்றி அதை உறுதிப்படுத்தும் வழியைச் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். அது முதல் பல ரசாயனங்கள் ரப்பரில் சேர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றுட் சில ஆகாரத்தில் கசியக்கூடும். சிலவற்றிலிருந்து நைட்ரோசமைன் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றிற் பல புற்றுநோயை விளைக்கக் கூடியவை. குழந்தைகளின் பால்புட்டி ரப்பரில் இவற்றுக்கு ஐரோப்பிய சமூகம் 1993-ல் வரம்பு விதித்தது காரணமின்றியல்ல.

ஆகையால் ‘எது நல்ல ரப்பர்?’ என்று கேட்பது போதாது. ‘எந்த ஆகாரத்துக்கு எந்த ரப்பர்?’ என்றே கேட்க வேண்டும். இயற்கை ரப்பர் எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊதிக் கெடும். அவற்றைத் தாங்குவது நைட்ரைல். ஈ.பி.டி.எம். என்பது நீராவியைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. ஸிலிக்கோன் கடும் உஷ்ணத்தைப் பொறுக்கும். ஆனால் எளிதில் கிழியும்.

திரும்பத் திரும்ப உபயோகிக்கும் ரப்பர் சாமான்களுக்கென்றே அமெரிக்க சர்க்கார் தனி விதி வைத்திருக்கிறது. நீர் கலந்த ஆகாரத்துக்கான ரப்பரைச் சுத்த நீரில் கொதிக்க வைத்தால், முதல் 7 மணி நேரத்தில் சதுர அங்குலத்துக்கு 20 மில்லிகிராமுக்கு மேலும், அடுத்த 2 மணி நேரத்தில் 1 மில்லிகிராமுக்கு மேலும் கரைந்து வரலாகாது. கொழுப்புள்ள ஆகாரத்துக்குச் சோதனை வேறு. நமது தேசத்திலும் குக்கர் வளையத்துக்கு ஐ.எஸ். 7466 என்னும் தரவிதி உண்டு.

விதி ஏட்டில் இருந்தால் போதுமா? பெயரும் முத்திரையுமற்ற வளையத்தைச் சில ரூபாய் மிச்சத்துக்காக வாங்கும் ஏழைக் குடும்பத்தை அது எவ்வாறு காக்கும்? நிறமோ, ‘உணவுத் தரம்’ என்னும் அச்செழுத்தோ அத்தாட்சியாகா. ஹோட்டல்காரர்களும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் ரப்பரின் பெயரையும் சோதனைப் பத்திரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வீக்கம், விரிசல், பிசுபிசுப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வளையத்தை அன்றே மாற்ற வேண்டும். பொதுஜன ஊழியர்கள் இதைத் தத்தம் ஊரில் எடுத்துச் சொல்வார்களாக. கேட்பவர் இல்லாத வரையில் விற்பவர் திருந்தமாட்டார்.