பேஷ்கோயியும் இம்கானும்

‘ஃபோர்காஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை உருது பேசுவோருக்கு விளக்க முற்படுவோர் பெரும்பாலும் ‘பேஷ்கோயி’ என்ற சொல்லையே முதலில் நாடுகின்றனர். ‘பேஷ்’ என்ற பாரசீகச் சொல் ‘முன்’ எனவும் ‘கோயி’ ‘சொல்லுதல்’ எனவும் பொருள்படுவதால் இரண்டும் பொருந்துவதாகவே தோன்றும். ஆயினும், இறைத்தூதர்கள் வருவதுரைத்ததற்கும், நஜூமி எனப்படும் சோதிடர் கோள்நிலை பார்த்துக் கூறும் பலனுக்கும் அதே சொல் வழங்கி வருவதால், அளந்தும் கணக்கிட்டும் எட்டிய கருத்து என்னும் உயிர்ப்பொருள் அதில் மங்கிவிடுகிறது.

முன்கூட்டித் திட்டமிடுதல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் முன்பே இருந்த இச்சொல்லை வானிலைக்கு உரியதாக்கியவர், டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ கப்பலின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் ஆவார். 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பல் வேல்ஸ் கரையருகே புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, கடலோர நிலையங்களிலிருந்து தந்தியில் வரும் காற்றழுத்த அளவீடுகளைக் கொண்டு புயல் எச்சரிக்கை விடுக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் பொதுமக்களுக்கான அவரது வானிலைக் கணிப்பு வெளிவந்தது. தம் கூற்றுகள் தீர்க்கதரிசனம் அல்ல, அறிவியல் கணக்கீட்டின் வழிப் பிறந்த கருத்துகளே என்று அவர் வலியுறுத்தியதற்கு அச்சொல்லே துணைநின்றது.

உருது பேசும் முஸ்லிம்களிடையே இவ்வேறுபாடு இன்னும் ஆழமானது. ‘இல்மே ஃகைப்’, அதாவது மறைவானவற்றின் அறிவு, இறைவனுக்கே உரியது என்பது அவர்களின் நம்பிக்கை. அவ்வறிவுக்கு உட்பட்டவையாகக் குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்து இறுதி வசனத்தோடு இணைத்துப் பேசப்படும் ஐந்தனுள் மழையும் ஒன்று. ஆகவே நாளைய மழையை உறுதியாக அறிந்ததுபோல் ஒலிக்கும் சொல் கேட்போரிடம் தயக்கத்தை எழுப்பக்கூடும். மேகம், காற்று, அழுத்தம் ஆகிய கண்கூடான அடையாளங்களிலிருந்து செய்யும் ஊகம் என்று விளக்கும்போதோ அத்தயக்கத்திற்கு இடமில்லை.

அவ்வாறு விளக்குவதற்கான சொற்செல்வம் உருதுவிடம் தாராளமாகவே உண்டு. மதிப்பீட்டைக் குறிக்கும் ‘அந்தாஸா’, ‘தக்மீனா’, அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணரும் ‘கியாஸ்’, எதிர்பார்ப்பைக் குறிக்கும் ‘தவக்கோ’ ஆகியன யாவும் ஐயத்திற்கு இடம்விடுபவை. பாகிஸ்தானின் வானிலைத் துறையான ‘மெஹ்கமா மௌசமியாத்’தின் முன்னறிவிப்பைச் செய்தியில் படிப்போர் ‘பாரிஷ் கா இம்கான் ஹை’, அதாவது மழைக்கு வாய்ப்புள்ளது, என்றே கூறுவதால், ‘பேஷ்கோயி’ தவறவிட்ட நுட்பத்தை அந்த ‘இம்கான்’ எவ்வித விளக்கமுமின்றிக் காப்பாற்றிவிடுகிறது. ஆரூடம் என்னாமல் முன்னறிவிப்பு என்று வழங்கும் தமிழருக்கும் இவ்வேறுபாடு புதிதன்று.

எஞ்சுவது எண்ணால் வரும் இடர்ப்பாடு. ‘சாலீஸ் ஃபீசத் இம்கான்’, அதாவது 40 விழுக்காடு வாய்ப்பு, என்பது ஊரின் ஐந்தில் இரு பங்கில் மழை பெய்யும் என்றோ பகலில் அவ்வளவு நேரம் பெய்யும் என்றோ பலராலும் கொள்ளப்படுகிறது. உண்மையில், அத்தகைய வானிலை அமையும் பத்து நாள்களில் ஏறத்தாழ நான்கில் அவ்விடத்தில் மழை பெய்யும் என்பதும், எஞ்சிய ஆறில் பெய்யாமற்போனால் கணிப்பு பொய்த்ததாகாது என்பதுமே அதன் பொருள்.