ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடு

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடு என்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு வழிவகுக்கும் ஒரு மரபுவழிக் குறைபாடு ஆகும். சுவீடனைச் சேர்ந்த லாரெல், எரிக்சன் ஆகியோர் 1963 ஆம் ஆண்டு இதனை முதலில் விவரித்தனர்.

வெள்ளையணுக்கள் சுரக்கும் எலாஸ்டேசு என்னும் நொதி நுரையீரல் திசுவை அரித்துவிடாமல், கல்லீரலில் உருவாகும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்னும் புரதம் தடுக்கிறது. இதற்கான மரபணு 14ஆம் நிறப்புரியில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இசட் என்னும் மாற்றுவடிவத்தைப் பெற்றவருக்கு இப்புரதத்தின் பெரும்பகுதி கல்லீரலிலேயே தேங்கிவிடுகிறது. காப்பில்லாத காற்றுப்பைகள் மெல்லச் சிதைகின்றன. புகைப்பவருக்கு 40 வயதையொட்டியே மூச்சுத்திணறல் தொடங்கலாம். புகைக்காதவர் பலர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர்.

இசட் வடிவம் வட ஐரோப்பியரிடம் மிகுதி, இந்தியரிடம் அரிது. தமிழ்நாட்டில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குப் பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை, தொழிலிடத் தூசி ஆகியவையே முதன்மைக் காரணங்கள். எனினும் இளவயதில் இந்நோய் கண்டவருக்கு இப்புரதத்தின் அளவை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். குறைபாடு உறுதியானால் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மரபணுவை மாற்ற இயலாது. புகையைத் தவிர்க்க இயலும்.

அனகாபுத்தூர் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர் மக்களுக்கு அருகிலுள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை தாம்பரம் சானடோரியத்தில் உள்ளது. 1928 இல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து இதனைக் காசநோயாளிகளுக்காகத் தொடங்கினார்.