உங்களுக்குத் தெரியுமா? - ரோலர் கோஸ்டரும் பயந்த பிள்ளையும்

உங்களுக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். குழந்தையோ, வரிசையில் பாதி தூரம் வந்ததும் "அப்பா, பாத்ரூம் போகணும்" என்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால் ஆயுசுக்கும் அந்தப் பக்கமே வராது. அதற்கு முன் அதனிடம் சொல்லிப் பார்க்கச் சில சங்கதிகள்.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1884-ல் லாமார்க்கஸ் தாம்சன் திறந்த கோஸ்டரின் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். சைக்கிளில் போகிறவர் முந்திவிடலாம்! கட்டணம் 5 சென்ட். எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி போனார்கள். அபுதாபியில் 2010-ல் திறந்த 'ஃபார்முலா ரோஸா' 240 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. காற்றும் மணலும் கண்ணில் அடிக்குமே என்று கண்ணாடி மாட்டித்தான் அனுப்புகிறார்கள். பத்திலிருந்து இருநூற்று நாற்பதுக்கு வர உலகத்துக்கே 126 வருஷம் ஆகியிருக்கிறது. உங்கள் பிள்ளை மட்டும் ஒரே மத்தியானத்தில் பழகிவிட வேண்டுமா? குட்டி கோஸ்டரிலேயே நாலு தடவை சுற்றட்டும்.

"கீழே விழுந்துடாதா?" நியாயமான கேள்வி. விடை சக்கரத்தில் இருக்கிறது. தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று பக்கமும் கவ்விக்கொண்டுதான் பெட்டி ஓடுகிறது. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-ல் காப்புரிமை பெற்றார். நிலையத்தில் வண்டி நிற்கும்போது வேலிக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்றால், பல கோஸ்டர்களில் கண்ணுக்கே தெரியும். காட்டுங்கள்.

மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று கேட்கிறதே, பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் குலைநடுக்கம். உண்மையில் அது காவல்காரனின் சத்தம். தடத்தின் நடுவே பல்பல்லாக இருக்கும் இரும்புப் பட்டை மேல், பெட்டிக்கு அடியிலுள்ள இரும்பு நாக்கு விழுந்து விழுந்து எழுகிறது. இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் சறுக்காது. சத்தம் கேட்கிறவரை எல்லாம் சரி என்று சொல்லிவையுங்கள். (புது கோஸ்டர்கள் சில சத்தமே போடாமல் ஏறும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.)

சங்கிலி இழுத்து ஏற்றும் கோஸ்டரில் முதல் மேடுதான் பெரும்பாலும் உயரமானது. எஞ்சின் கிடையாது, அந்த உயரத்திலிருந்து விழுந்த வேகத்திலேயே மிச்சத்தை ஓட்டியாக வேண்டும். முதல் இறக்கத்தைத் தாண்டிவிட்டால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று.

தலைகீழ் வளையத்தை உற்றுப் பாருங்கள். முழு வட்டமாக இருக்காது, கண்ணீர்த்துளி மாதிரி மேலே குறுகியிருக்கும். கோனி ஐலண்டில் 1895-ல் வந்த 'ஃபிளிப் ஃபிளாப்' சுத்தமான வட்டமாக இருந்தது. வளையத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில் விழுந்த அழுத்தத்தில் பயணிகளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. 1976-ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் வந்த 'ரெவல்யூஷன்' கோஸ்டரில் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இந்தத் துளி வடிவத்தைக் கொண்டுவந்தார்.

எங்கே உட்கார்வது? பயந்த பிள்ளைக்கு நடுப்பெட்டி. கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்பெட்டிகள் இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் வெடுக்கென்று இழுபட்டு, இருக்கையிலிருந்து எழும்பி, அடிவயிறு ஜிவ்வென்று ஆகும். இந்தக் குலுக்கல் சிறுநீரகக் கல்லை வெளியேற்றுமா என்று மருத்துவரே சோதித்திருக்கிறார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வார்ட்டிங்கர், சிலிக்கோன் மாதிரிச் சிறுநீரகத்துக்குள் நிஜக் கற்களைப் போட்டு, பையில் வைத்துக்கொண்டு ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டின் 'பிக் தண்டர் மவுண்டன்' கோஸ்டரில் ஏறினார். முன்பக்கம் 24-க்கு 4 தடவை கல் நகர்ந்து வெளியேறியது. பின்பக்கம் 36-க்கு 23. 2016-ல் ஆய்வு வெளியானது, 2018-ல் வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பிவிடாதீர்கள்!

வாசலில் உயரம் அளக்கும் பலகைக்கு முன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். ஆசைப்படுகிற பிள்ளை குதிகாலைத் தூக்கும். பயப்படுகிற பிள்ளை சத்தமில்லாமல் முழங்காலை மடக்கும். மடக்கினால் விட்டுவிடுங்கள். அது பதில் சொல்லியாயிற்று.

துணிச்சல் ஆசை ஆளுக்கு ஆள் மாறும். அதை அளக்க மார்வின் ஜுக்கர்மன் என்ற உளவியலாளர் 1964-லேயே ஓர் அளவுகோல் தயாரித்தார். பொதுவாக இந்த ஆசை பதின்பருவத்தில் ஏறி, இருபதுகளுக்குப் பிறகு இறங்கும். எட்டு வயதில் மாட்டேன் என்றது பதினாறில் முதல் ஆளாக நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

அதுவரை உங்கள் ஆசை என்னாவது? டிஸ்னி உட்படப் பல பூங்காக்களில் ஒரு வசதி உண்டு. அம்மா குழந்தையோடு வெளியே இருக்க, அப்பா போய்விட்டு வரலாம். பிறகு அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். சவாரி வாசலில் நிற்கும் ஊழியரிடம், வரிசைக்குள் நுழைவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.