மாநில நிதிச் செலவினமும் சுயேச்சைக் கண்காணிப்பும்: நீலாய் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் நீலாய் வட்டாரம், ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் நிலையிலிருந்து வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் உயர்கல்விக் கூடங்களும் நிறைந்த நகராக உருமாறியுள்ளது. தோட்ட வாழ்வில் குடிநீர், சாலை, வடிகால் ஆகியவற்றுக்குத் தொழிலாளர்கள் தோட்ட நிருவாகத்தையே நாடினர். இன்று சாலைக்கும் வடிகாலுக்கும் மாநில அரசையும் ஊராட்சி மன்றத்தையும் நாடவேண்டியுள்ளது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை நிலம், ஊராட்சி, சந்தை, இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றை மாநிலப் பொறுப்பில் வைத்துள்ளது. ஆகவே, மாநில நிதி முறையாகச் செலவிடப்படுகிறதா என்பதை யார் கண்காணிக்கிறார்கள் என்னும் வினா நம் சமுதாயத்திற்கு மிக நெருக்கமானதாகும்.

கண்காணிப்பின் முதற்படி கணக்காய்வு. அரசியலமைப்பின் 105ஆம் விதியின்படி, தலைமைக் கணக்காய்வாளரைப் பிரதமரின் ஆலோசனையின்பேரில், ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்தபின் மாமன்னர் நியமிக்கிறார். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியைப் பதவிநீக்கும் அதே காரணங்களாலும் முறையாலுமன்றி அவரை நீக்க இயலாது. 106ஆம் விதி கூட்டரசின் கணக்குகளோடு மாநிலங்களின் கணக்குகளையும் அவர் பொறுப்பில் வைக்கிறது. 107ஆம் விதியின்படி மாநில அறிக்கை அம்மாநில ஆட்சியாளரிடம் அளிக்கப்பட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மாநிலப் பணத்தை ஆய்பவர் மாநில அரசின் ஊழியர் அல்லர் என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி எனலாம்.

எனினும், காண்பது வேறு; தடுப்பது வேறு. இம்மாநிலத்தின் கிம்மாஸில் அமைந்த தேசியக் கால்நடை வளர்ப்பு மையத் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். அதற்கான 25 கோடி ரிங்கிட் கடன் கூட்டரசினுடையது. 2010ஆம் ஆண்டுக்கான கணக்காய்வறிக்கை அத்திட்டத்தின் குறைகளைச் சுட்டியது. 2012இல் நிறுவனத் தலைவர்மீது நம்பிக்கை மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது. 2015இல் அவர் விடுவிக்கப்பட்டார். இதிலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. ஒன்று, வீண்செலவும் மேற்பார்வைக் குறைவும் மோசடியும் ஒன்றல்ல. முதலிரண்டைக் கணக்காய்வு சுட்டலாம், மூன்றாவதை நீதிமன்றமே உறுதிசெய்ய இயலும். மற்றொன்று, பணம் கைமாறிய பின்னரே பெரும்பாலும் கணக்காய்வு நிகழ்கிறது. அரசு நிதியோ உத்தரவாதமோ பெறும் நிறுவனங்களிலும் கணக்காய்வாளரின் அதிகாரத்தை விரிவாக்கிய 2024ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இவ்வகையில் வரவேற்கத்தக்கது.

இரண்டாம் படி, அறிக்கையை முன்வைத்து விளக்கம் கேட்பது. 36 உறுப்பினர் கொண்ட நெகிரி செம்பிலான் சட்டமன்றமும் அதன் பொதுக் கணக்குக் குழுவும் இக்கடமைக்கு உரியன. செலவிடும் அரசுக்கே மன்றத்தில் பெரும்பான்மை இருப்பதால், குழுவின் தலைமை எதிர்த்தரப்பிடம் இருப்பது சுயேச்சையை வலுப்படுத்தும் என்பது நம் கருத்து. ஊராட்சியில் இந்நிலை மேலும் நலிவுடையது. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் மீண்டும் நடத்தப்படவில்லை. 2020 முதல் நீலாய், சிரம்பான் மாநகர் மன்றத்தின்கீழ் உள்ளது. அதன் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என விலக்கியது. கணக்கையும் பதவியையும் பிணைத்த அந்நெறி இங்கு நினைக்கத்தக்கது.

மூன்றாம் படி, மக்கள் அறிதல். 1எம்டிபி பற்றிய கணக்காய்வறிக்கை 2016இல் அரசாங்க இரகசியமாக்கப்பட்டு, 2018இல்தான் வெளியானது. கணக்காய்வாளர் எத்துணைச் சுயேச்சை உடையவராயினும், மறைக்கப்பட்ட அறிக்கையால் மக்களுக்குப் பயனில்லை. பினாங்கும் சிலாங்கூரும் (2011) நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டங்கள் எல்லா மாநிலங்களுக்கும் வேண்டப்படுவன.

கணக்காய்வறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. அவற்றின் மாநிலப் பகுதிகளை எளிய தமிழில் சுருக்கித் தருவதும், ஒதுக்கீடு எவ்வளவு, வேலை முடிந்ததா, குறைக்குப் பொறுப்பேற்றவர் யார் என்னும் மூன்று வினாக்களை எழுப்ப மாணவர்களைப் பழக்குவதும் தமிழாசிரியர்களால் இயலும். தோட்டம் விட்டு நகருக்கு வந்த மக்கள் தம் வரிப்பணத்திற்குக் கணக்குக் கேட்கும் குடிமக்களாக உயர இது துணைபுரியும் என்பது நம் துணிபு.