இயந்திரத்திற்கும் ஓர் உரைகல்

நகைக்கடன் பெற வங்கிக் கிளைக்கு வருவோர் அறிந்த காட்சி இது. மதிப்பீட்டாளர் நகையைக் கறுப்பு உரைகல்லில் தேய்ப்பார். அதன் அருகிலேயே, மாற்று முன்பே தெரிந்த ஊசி ஒன்றையும் தேய்ப்பார். இரு கோடுகளையும் ஒப்பிட்ட பின்னரே கடன்தொகை பேச்சுக்கு வரும். தெரியாததை அளக்கத் தெரிந்த ஒன்று வேண்டும். மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் இயந்திரத்தையும் இதே முறையில்தான் சோதிக்கிறார்கள் என்பதைப் பெங்களூரு தொம்மலூரில் ஒரு மாலைப்பொழுதில் கண்டோம்.

தொம்மலூர் தமிழருக்கு அயலூர் அன்று. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றொரு பெயர் இருந்ததை அவை சொல்கின்றன. இன்றோ உள்வட்டச் சாலையின் இரைச்சலும் கணினி நிறுவனங்களின் கண்ணாடிச் சுவர்களுமே கண்ணில் படுகின்றன. அந்தச் சந்தடிக்கு நடுவே ஒரு பரிசோதனை நிலையத்தில், கடைசி நோயாளி சென்ற பிறகு, மருத்துவ இயற்பியலாளரான ஓர் அம்மையார் தம் பையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள அக்ரிலிக் கட்டை ஒன்றை எடுத்து இயந்திரத்தின் மேடையில் வைத்தார்.

இதனைப் 'பேன்டம்' என்பர். மாதிரி உரு எனலாம். அழுத்திய நிலையில் ஏறத்தாழ 4.2 செ.மீ. தடிப்புள்ள, கொழுப்பும் சுரப்பித் திசுவும் சரிபாதியான மார்பகத்திற்கு ஈடாக எக்ஸ் கதிரை அது உள்வாங்கும். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வகுத்த இம்மாதிரியின் உள்ளே, மெழுகில் பதிந்தவாறு, நைலான் இழைகள் 6, துகள் கூட்டங்கள் 5, கட்டி போன்ற வட்டங்கள் 5 உள்ளன. துகள்கள், நோயின் தொடக்க அறிகுறியாகக்கூடிய கால்சியப் படிவுகளுக்குப் பதிலி. அவற்றுள் பெரியது 0.54 மி.மீ.; சிறியது 0.16 மி.மீ. படத்தில் குறைந்தது 4 இழைகள், 3 துகள் கூட்டங்கள், 3 கட்டிகளாவது தெரிய வேண்டும். கதிர்வீச்சும் ஒரு படத்திற்கு 3 மில்லிகிரே என்னும் வரம்பைத் தாண்டக் கூடாது.

அம்மையார் பெரியதிலிருந்து சிறியதாக எண்ணிக்கொண்டே வந்தார். இழைகள் நான்கு. தேர்ச்சிதான். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டினார். சென்ற முறை ஐந்து. "நோயாளியின் படத்தில் எதைத் தவறவிட்டோம் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. இதில் மட்டும்தான் விடை முன்கூட்டியே நம் கையில் இருக்கிறது" என்றார். உணர்கருவியின் அளவுத்திருத்தத்தை மீண்டும் செய்யச் சொல்லி, இன்னொரு படம் எடுத்தார். ஐந்தாவது இழை, மங்கலாகத்தான், திரும்பி வந்தது.

இந்த ஓர் இழைக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் அந்நோயால் இறந்ததாகவும் உலகளாவிய புற்றுநோய்க் கணிப்பு கூறுகிறது. மேலை நாடுகளைவிட இங்கு இந்நோய் இளமையிலேயே வருகிறது. இளம் மார்பகத்தில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெண்மை, கட்டியும் வெண்மை.

அக்ரிலிக் கட்டையின் குறையும் இங்கேதான். அதன் பின்னணி வெறுமையானது. வெள்ளைத் தாளில் வைத்த புள்ளிபோல இழை தனியே தெரிகிறது. உண்மையான மார்பகமோ பின்னிக் கிடக்கும் திசுக்களின் காடு. மார்பகத்தை அடுக்கடுக்காகக் காட்டும் புதிய இயந்திரங்களையும், படத்தைத் தானே மெருகேற்றும் மென்பொருள்களையும் வெறுமையான பின்னணியில் சோதித்து நற்சான்று வழங்குவது போதாது என்பதே எங்கள் கருத்தும். ஆகவேதான் இயல்பான உருக்களை நாடுகின்றனர் ஆய்வாளர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மெய்யான மார்பகங்களின் சி.டி. படங்களை அடிப்படையாகக் கொண்டு முப்பரிமாண அச்சில் உருக்கள் வார்க்கப்பட்டன. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் இன்னும் எளிய வழி கண்டனர்: அயோடின் சேர்மம் கலந்த மையைச் சாதாரண இங்க்ஜெட் அச்சுப்பொறியில் இட்டுத் திசு வடிவங்களைத் தாள்களில் அச்சிட்டு, தாள்களை அடுக்கினால் மார்பகம் ஆயிற்று!

இதற்கெல்லாம் முன்பே பெங்களூரில் ஒரு முயற்சி நடந்தது. தொம்மலூரிலிருந்து நகரின் மறுபுறத்தில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சி. உஷா தேவி, ஆர். எம். வாசு, ஏ. கே. சூட் ஆகியோர் மார்பகத் திசுவை ஒத்த உரு ஒன்றை உருவாக்கி 2005-இல் ஆய்வேட்டில் வெளியிட்டனர். இவர்களுள் சூட் அவர்கள் 2022-இல் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராகப் பொறுப்பேற்றவர். மூலப்பொருள் பாலிவினைல் ஆல்கஹால். நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சியாக இடுவதும் இப்பொருளைத்தான். அதன் கரைசலை உறையவைத்து உருகவிட்டால் கூழ்மம் இறுகும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய இறுக்கம் கூடும். நலமான திசு மென்மையானது, புற்றுக்கட்டி கடினமானது. ஒளியையும் ஒலியையும் கொண்டு அக்கடினத்தைக் கண்டறியும் கருவிகளுக்காகவே இவ்வுரு பிறந்தது. ஒளி, ஒலி, இறுக்கம் ஆகிய மூன்றிலும் அது திசுவை ஒத்திருக்க வேண்டியிருந்தது. நீர்செறிந்த கூழ்மம் காலப்போக்கில் உலர்ந்துவிடும் என்பது இவ்வகையின் தொல்லை. அக்ரிலிக் கட்டையோ ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அன்றாடச் சோதனையில் அதுவே நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் எக்ஸ் கதிர் இயந்திரங்களுக்கு உரிமம் அளிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் தரச்சோதனை நடத்துவதும் அதன் விதி. மேமோகிராம் எடுத்துக்கொள்ளச் செல்லும் வாசகர்கள், கடைசிச் சோதனை எப்போது நடந்தது என்று நிலையத்தாரிடம் தயங்காது கேட்கலாம். நகையை உரைத்துக் காட்டச் சொல்வதற்கு நாம் கூச்சப்படுவதில்லையே.

நாங்கள் விடைபெற்றபோது அம்மையார் கட்டையை மென்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, பதிவேட்டில் நான்கு, ஐந்து என்னும் இரு எண்களையும் எழுதிக்கொண்டிருந்தார். முதலாவதை ஏன் அடித்துவிடவில்லை என்று கேட்டோம். "அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.