மரபணுவும் தவணையும்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் நீராடித் தென்காசி திரும்பும் வழியில், எம் அரபிக் கல்லூரி மாணவர் ஒருவர் வினவினார்: "ஹஜ்ரத், ஆயுளை மரபணுவே முடிவு செய்கிறது என்கிறார்களே; அப்படியானால் அஜல் என்பது என்ன?" சிந்திக்கத் தக்க வினா. விடை கூறுமுன், அறிவியல் உண்மையில் கூறுவது யாதென அறிதல் நலம்.

இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைநின்றது 'சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்' என்னும் உருளைப்புழு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுடையது. அழுகும் பழங்களிடையே நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது. ஆய்வகத்தில் அதன் ஆயுள் இரண்டு மூன்று வாரங்களே. ஆதலால் ஒரு தலைமுறையின் பிறப்பையும் இறப்பையும் சில வாரங்களில் கணக்கிட்டுவிடலாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல், பிரான்சின் பெர்ஜராக் ஆகிய ஊர்களிற் பெற்ற இரு வகைப் புழுக்களைக் கலந்து, தாமஸ் ஜான்சன் பல வழிமரபுகளை உருவாக்கினார். அவற்றின் சராசரி ஆயுள் 10 நாள் முதல் 31 நாள் வரை வேறுபட்டதை 1987இல் வெளியிட்டார். வளர்த்த சூழல் ஒன்றே, வேறுபட்டது மரபு. 1993இல் சிந்தியா கென்யன் குழுவினர், 'டாஃப்-2' என்னும் ஒரே மரபணுவின் செயல் குன்றினால் ஆயுள் இருமடங்குக்கு மேலாவதைக் காட்டினர். இன்சுலின் போன்ற சமிக்ஞை தளரும்போது, செல்களைக் காக்கும் பணிகள் மேலோங்குகின்றன. ஆயினும் இந்நீள்வாழ்வு இலவசமன்று. இத்தகைய புழுக்களைச் சாதாரணப் புழுக்களுடன் கலந்து வளர்த்தபோது, தொடக்க கால இனப்பெருக்கம் குறைந்தமையால் அவை சில தலைமுறைகளிலேயே அருகி மறைந்தன.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. ஒரே மரபணுத் தொகுதி, ஒரே உணவு, ஒரே வெப்பநிலை. அப்படியிருந்தும் ஒரு புழு பத்தாம் நாளில் மடிகிறது, மற்றொன்று மும்மடங்கு நாள் வாழ்கிறது. மரபணு கூட்டத்தின் சராசரியை மாற்றுகிறது. தனியுயிரின் இறுதி நாளைக் குறித்துத் தருவதில்லை.

எனவே மாணவருக்கு யான் கூறியது இதுவே: ஆய்வாளர் அளப்பது கூட்டத்தின் வாழ்நாளை, அஜல் என்பதோ ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் வகுத்த தவணை. முன்னதைக் கொண்டு பின்னதை மறுக்கவும் இயலாது. அறிவியல் இன்னும் அறியாத இடத்தைக் காட்டிப் பின்னதை நிறுவ முயல்வதும் முறையன்று. நாளை அவ்விடம் நிரம்பினால் நம் ஈமான் ஆட்டங்காணலாமா?

புழுவின் கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்தி ஆயுள் மருந்து விற்போரிடமும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சிதம்பரத்திற் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனும் முதுமை குறித்து 2024இல் வெளியிட்ட நூலில் இத்தகைய மிகையுரைகளை ஐயத்துடனேயே நோக்குகிறார். அறிந்ததை அறிந்த அளவிலேயே சொல்வது ஆலிமுக்கும் அறிவியலாருக்கும் பொதுவான அமானிதமாகும்.