காப்பும் கணக்கும் – 9: கதவை உடைத்தார்களா?

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்ற கேள்வியில் போன வாரம் நிறுத்தினேன். டிரங்குப்பெட்டிக்கும் மெத்தைக்கும் துணிமணிக்கும் வேண்டாம், யோசிக்க வேண்டியவை லேப்டாப்பும் போனும்தான் என்று சொன்னது நினைவிருக்கும். இந்த வாரம் தேய்மானக் கணக்கு போடுவதாக ஏற்பாடு. அதற்காகப் பாலிசிப் பத்திரங்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். நான்கு நாட்களாக ஒரு சொல்லைத் தாண்டி நகர முடியவில்லை.

'பர்க்ளரி' என்பது அந்தச் சொல். திருட்டு என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். பத்திரத்தில் அதற்குப் பொருள் வேறு. நம் முன்னோர் இதற்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள்: கன்னம் வைத்தல். கன்னக்கோலால் சுவரைத் துளைத்து உள்ளே நுழைவது அது. கண் அசந்த நேரத்தில் திண்ணையில் கிடந்த செம்பைத் தூக்கிக்கொண்டு போவது வெறும் களவு. பாலிசி எழுதியவர்களும் அதே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். பல பத்திரங்களில், பலவந்தமாக உள்ளே புகுந்த அடையாளம் இருந்தால்தான் பணம்.

என் அண்ணன் மகன் இந்தக் கோட்டின் தப்பான பக்கத்தில் நின்றான். பொறியியல் மூன்றாம் ஆண்டு. காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போய்த் திரும்பியபோது மேஜையில் சார்ஜர் மட்டும் இருந்தது. போலீஸில் புகார் கொடுத்தான், ரசீது வாங்கினான், எல்லாம் ஒழுங்காகச் செய்தான். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தான். "சித்தப்பா, கதவை உடைச்ச அடையாளம் இருக்கானு கேக்குறாங்க. குளிக்கப் போறப்ப எவன் ரூமைப் பூட்டுவான்?" அவன் குரல் கம்மியது இன்னும் என் காதில் இருக்கிறது. பணம் வரவில்லை.

நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று அன்று கொதித்தேன். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைத் தீர்த்துவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. பலவந்தம் நடந்திருக்க வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருந்தால் அது நடந்திருக்கத்தான் வேண்டும், குற்றவியல் சட்டத்தின் விளக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் நீதிபதிகள் இன்னொன்றும் சொன்னார்கள். சாதாரண மனிதன் திருட்டுக்குக் காப்பு என்று நம்பித்தான் பாலிசி எடுக்கிறான், பலவந்தம் என்ற நிபந்தனை அவனுக்கு எங்கே புரியப்போகிறது, நிறுவனங்கள் இந்த வாசகத்தைத் திருத்த வேண்டும் என்றார்கள். அதை வாசித்தபோது, அண்ணன் மகனுக்காக யாரோ பேசியது போல இருந்தது.

அந்தக் குற்றவியல் சட்ட விளக்கம் என்னவென்று தேடிப் போனதில்தான் இந்த வாரம் முழுக்கப் போயிற்று. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம், 445-வது பிரிவு. 'வீட்டை உடைத்தல்' ஆறு வழிகளில் நடக்கலாம் என்று எண்ணிச் சொல்லி, கூடவே குட்டிக் குட்டி உதாரணக் கதைகளும் தருகிறது. சுவரில் துளை போட்டுக் கையை விடுகிறான் ஒருவன்; நம் கன்னக்கோல்காரனேதான். கதவிலுள்ள ஓட்டை வழியே கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குகிறான் இன்னொருவன். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதைக்கொண்டே திறந்து நுழைகிறான் மூன்றாமவன். எதையும் நொறுக்காத இந்த மூன்றாமவன் செய்ததும் வீட்டை உடைத்தல்தான்! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த ஆறு வழிகள் தொடர்கின்றன. சாவி போட்டுத் திறந்தவனைச் சட்டம் சிறைக்கு அனுப்பலாம். அதே திருட்டுக்கு, பலவந்தம் கேட்கும் பாலிசி உங்களுக்குப் பணம் தராமல் போகலாம்.

விடுதி அறையை நினைத்துப் பாருங்கள். மூன்று பேருக்கு ஒரு பூட்டு, மூன்று சாவி. ஒரு சாவி எப்போதும் ஜன்னல் மேலேயோ செருப்புக்குள்ளேயோ இருக்கும். அங்கே கன்னம் வைக்க யாருக்கும் அவசியமே இல்லை.

பூட்டு என்றதும் திண்டுக்கல்லைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. அங்கே மணிப்பூட்டு என்று ஒரு வகை செய்தார்கள். சாவியைத் திருகினால் மணி அடிக்கும். கடைக்குள் தூங்கும் முதலாளிக்குச் சாவி திரும்புவது கேட்க வேண்டும் என்று யோசித்த கொல்லனின் மூளையை எண்ணி வியக்கிறேன். ஐ.பி.சி.யின் மூன்றாவது ஆளைப் பிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

'வீட்டுக்குத்தான் பாலிசி இருக்கிறதே, பிள்ளையின் லேப்டாப் அதில் அடங்காதா?' என்று கேட்கும் பெற்றோருக்கு: 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. திருட்டு அதில் உண்டு. ஆனால் அப்படி ஒரு சேதம் நடந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டும். அதுவும் உங்கள் வீட்டில் இருக்கும் பொருளுக்கு. கோவை விடுதி மேஜைக்கு அது எட்டாது.

ஆகவே தனி பாலிசி எடுப்பதானால் மூன்றே கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எதையும் உடைக்காமல் எடுத்துப்போனால் பணம் உண்டா? பூட்டாத அறையிலிருந்து போனால்? நூலகத்திலோ பேருந்திலோ போனால்? முதல் கேள்விக்கே 'இல்லை' என்று வந்தால், விடுதிப் பிள்ளைக்காக அந்தப் பாலிசியை வாங்காதீர்கள். பிரீமியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மூன்றுக்கும் 'ஆம்' என்று வந்தால், புது லேப்டாப்புக்கு முதல் வருடம் எடுக்கலாம் என்பேன்.

போனுக்கு இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, காசு செலவில்லை. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதை அம்மாவின் டைரியில் எழுதி வையுங்கள். போன் போனால் போலீஸ் புகார் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை முடக்கச் சொல்லலாம்.

புது லேப்டாப் என்றேன். இரண்டு வருடம் ஓடியதற்கு ஏன் தயங்குகிறேன் என்பது தேய்மானக் கணக்கில் இருக்கிறது. அச்சுக்கு இன்று மாலைக்குள் போக வேண்டும், அந்தக் கணக்கை அவசரத்தில் போட எனக்கு மனமில்லை. லேப்டாப் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து வைத்திருங்கள், அடுத்த வாரம் சேர்ந்தே போடுவோம். அண்ணன் மகனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். டிரங்குப்பெட்டிக்குப் போட்டிருக்கிறான். குளிக்கப் போகும்போது லேப்டாப் இப்போது அதற்குள்தான் இருக்கிறதாம்.